“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்”: புற்றுநோய்ப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், அந்தப் பிரிவுகளுக்கு ஆளும் அறையும் ஒதுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பயாப்ஸி ரிசல்ட் வரும் நாளில் ஓ.பி. அறை வாசலில் நடப்பது உங்களுக்குப் பழகிப்போன காட்சி. அப்பா டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மகன் மட்டும் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டுவார். “சார், ரிசல்ட் எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார். வயித்துல புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம்.” வெளியே வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது. மருத்துவர் தலையசைத்துவிடுகிறார். அந்தத் தலையசைப்புக்கு இருபது நொடி ஆகியிருக்கும். இனிமேல் அந்த வீட்டில் யார் யாரிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பது அதிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த வார்டுகளில் குடும்ப ஆலோசகர்களாகவும் சமூகப் பணியாளர்களாகவும் வேலை செய்யும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். நோயாளியையும் வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதைச் சிகிச்சையின் பகுதியாக்குங்கள். கடைசி மாதத்தில் அவசரமாகக் கூப்பிட்டுப் பேசுவதில் பயனில்லை. இரண்டாவது கீமோவுக்கு முன்பே, நேரம் குறித்து, ஆள் போட்டு நடத்த வேண்டும்.

முதலில் அந்த அப்பாவின் பக்கம். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அவர் கையில் இருக்கும் ஃபைலின் மேலேயே பிரிவின் பெயர் அச்சாகியிருக்கிறது. காப்பீட்டுக்குக் கைரேகை வைத்த அறையின் வாசலில் போர்டு தொங்குகிறது. பக்கத்துக் கட்டில்காரர் முதல் நாளே “உங்களுக்கு எந்த இடத்துல?” என்று கேட்டுவிட்டார். ‘கரண்ட் வைக்கணும்’ (கதிர்வீச்சு கொடுக்கணும்) என்று சொன்னாலே என்ன நோய் என்று புரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் மகன் உடைந்துபோவான் என்பதால் அவரும் நடிக்கிறார். மாரடைப்பு வந்தவர்களையும் அவர்களுடைய மனைவியரையும் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் 1991-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ‘காக்கும் மௌனம்’ என்று சொல்லலாம். அடுத்தவரைக் காப்பதாக நினைத்து நம் கவலையை நாமே விழுங்கிக்கொள்வது. விழுங்குகிறவருக்கு அதனால் மன உளைச்சல் கூடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

வார்டில் இதன் விளைவு வேறு வேறு உருவத்தில் உங்களிடம் வந்து சேர்கிறது. ராத்திரி வலியில் புரண்டவர் காலையில் ரவுண்ட்ஸில் “பரவாயில்லை சார்” என்கிறார், ஏனென்றால் மகன் பக்கத்தில் நிற்கிறார். புண்ணுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று கேட்க முடியாதவர் மூன்றாவது கீமோவுக்கு வராமல் நின்றுவிடுகிறார். வங்கிக் கணக்கில் நாமினி மாற்றப்படுவதில்லை. பட்டா யார் பெயரில் என்று பேச்சே எழுவதில்லை. கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும்போது, அவர் என்ன விரும்புவார் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒருவராலும் முடிவதில்லை. அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்கு அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கருப்பையை அகற்றிய வழக்கில், தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர் தற்காலிக மயக்கத்தில் இருந்தாலும், அவசரம் இல்லாதபோது அவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகனின் கையெழுத்து உங்களுக்குப் பாதுகாப்பு தரும் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக, “இல்லை, சொல்லித்தான் ஆவேன்” என்று மகனிடம் மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. அது மோசமான பலனைத் தரும். மறுநாளே அவர் அப்பாவை வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுவார். மறுக்கவும் வேண்டாம், தலையசைக்கவும் வேண்டாம். இப்படிச் செய்து பாருங்கள். மகனை உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். நின்றுகொண்டிருப்பவரிடம் இந்தப் பேச்சு நடக்காது. “சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படறீங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பழைய சாவு வெளியே வரும். பெரியப்பாவுக்குச் சொன்ன மறுவாரமே படுத்தார் என்பார், அல்லது அத்தை மருந்தைக் குடித்துவிட்டார் என்பார். அந்தப் பயம் நிஜமானது, அதைக் கேட்டு முடியுங்கள். அடுத்து, “அவருக்கே இப்ப என்ன தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?” இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்: “அவர் கேக்காததை நானா போய்த் திணிக்க மாட்டேன். அவரே கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவர்கிட்டயே கேக்கறேன், நீங்களும் கூட இருங்க.”

பிறகு அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. “ஐயா, சில பேர் தன் உடம்பைப் பத்தி எல்லா விவரமும் தனக்கே தெரியணும்பாங்க. சில பேர் பசங்ககிட்ட சொல்லுங்க, எனக்கு வேண்டாம்பாங்க. நீங்க எப்படி?” எந்தப் பதில் வந்தாலும் சரி. “எல்லாம் பையன் பாத்துப்பான்” என்று அவரே சொன்னால் அது அவருடைய முடிவு, அதை மதிக்க வேண்டும். பதிலைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே. ஸ்கேன் முடிவு மாறும்போதும் மருந்து மாறும்போதும் மறுபடி கேளுங்கள். ஜனவரியில் வேண்டாம் என்றவர் ஜூனில் வேண்டும் என்பார்.

இதெல்லாம் சேர்ந்து எட்டு பத்து நிமிடம். ஓ.பி.யில் அந்த நேரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தனியாக ஒருவர் வேண்டும் என்கிறோம்.

குடும்பக் கூட்டம் என்றதும் பெரிய ஏற்பாடு போலத் தோன்றும். 45 நிமிடம், கதவு உள்ள ஓர் அறை, ஆறு நாற்காலி, ஒரு செம்பு தண்ணீர், இவ்வளவுதான். தனி நாளில் வரச் சொல்லாதீர்கள். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், வர மாட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு வருகிற நாளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. காலையில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ‘கவுண்ட்’ (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) வரும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதான் நேரம். டிரிப் ஏற ஆரம்பித்த பிறகு வேண்டாம். வாந்திக்கான ஊசி போட்டவருக்குக் கண் சொருகும், தவிர இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு திரைச்சீலை இருந்தால் அது தனிமை ஆகிவிடாது.

யார் யார் வர வேண்டும் என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. படித்தவர், ஊரில் செல்வாக்கு உள்ளவர், ஆங்கிலம் தெரிந்த மருமகன் ஆகியோர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ராத்திரி எழுந்து மூத்திரக் குப்பி வைக்கிற மருமகள் வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பார். ‘இவரை யார் குளிப்பாட்டுறாங்க, யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கறாங்க’ என்று விசாரித்து அந்த ஆள் உள்ளே வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். மகன் சவூதியிலோ குவைத்திலோ இருந்தால் போனில் சேருங்கள். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, கீமோவும் அதே நாளில் விழுமாறு பார்த்துக்கொண்டால் நல்லது. தூரத்தில் இருப்பவரைச் சேர்க்காவிட்டால் அவர் கடைசி வாரத்தில் விமானம் ஏறி வந்து, “ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலை?” என்று இத்தனை நாள் பார்த்தவர்களைக் கூண்டில் ஏற்றுவார். இது எல்லா வார்டிலும் நடக்கிறது.

பேசும் வரிசையும் முக்கியம். நம் வீடுகளில் பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் “எல்லாரும் எப்படி இருக்கீங்க?” என்று பொதுவாகக் கேட்காமல், பராமரிக்கிறவரிடம் சின்னதாக ஒரு கேள்வியில் தொடங்குங்கள்: “ராத்திரி அவர் கூப்பிட்டா யார் எழுந்துக்கறது?” அடுத்து ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேளுங்கள். “அம்மா ரொம்ப கவலைப்படறது எதைப் பத்தின்னு நினைக்கிறீங்க?” என்று மகளிடம் கேட்டால், அம்மா தானாக வாய் திறப்பார். ஒரு தாளில் மூன்று தலைமுறைக்குக் கோடு போட்டு, யார் யார் என்ன நோயில் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் அந்த வீட்டின் பயங்கள் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். முடிக்கும்போது வரும் மூன்று வாரத்துக்கு மட்டும் வேலையைப் பிரியுங்கள்: மருந்து யார் பொறுப்பு, காப்பீட்டுக் கவுண்டர் யார், பிள்ளைகளை யார் பார்ப்பது, பராமரிப்பவருக்கு வாரத்தில் எந்த ஓர் இரவு ஓய்வு.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் குடும்பத்தையும் ஒன்றாக உட்காரவைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்போர்னில் டேவிட் கிசேன் குழுவினர் குடும்பத் துயர் சிகிச்சையைச் சாகும் தறுவாயில் இருந்த புற்றுநோயாளிகளின் 81 குடும்பங்களில் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுதல், மனம்விட்டுப் பேசுதல், சண்டை ஆகிய மூன்றையும் அளக்கும் 12 கேள்விகளால் முதலில் குடும்பங்களைத் தரம் பிரித்தார்கள். பிறகு 90 நிமிட அமர்வுகள் நான்கிலிருந்து எட்டு வரை, நோயாளி இறந்த பிறகும் தொடர்ந்து. உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்த குடும்பங்களுக்குப் பலன் தெரிந்தது. வெளிப்படையாகப் பகைத்துக்கொண்டிருந்த குடும்பங்களிலோ, சேர்த்து உட்காரவைப்பதே சண்டையை வளர்க்கக்கூடும் என்று அவர்களே எச்சரித்தார்கள். சொத்துத் தகராறு கோர்ட்டில் இருந்தால், குடித்துவிட்டு வருகிறவர் இருந்தால், மனைவி உடம்பில் அடிபட்ட தழும்பு தெரிந்தால், தனித்தனியாகப் பேசுங்கள்.

கணவன் மனைவி விஷயத்துக்கு வருவோம். ஒரே தட்டில் தொடங்குகிறது அந்தச் சண்டை. அவள் கஞ்சியைக் கரைத்துக் கொண்டுவருகிறாள். “ரெண்டு வாயாவது குடிங்க.” அவர் முகத்தைத் திருப்புகிறார். அவள் ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோகிறாள். அவர் கையைத் தட்டிவிடுகிறார். கஞ்சி பாயில் சிந்துகிறது. சாப்பிட்டால் பிழைப்பார் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அவர் சாப்பிடாதது அவளை விட்டுப்போக முடிவு செய்ததாகவே படுகிறது. நோய் முற்றிய நிலையில் உடல் இளைப்பது நோய் நடத்தும் ரசாயன வேலை. உணவைத் திணித்து அந்த எடையை மீட்க முடியாது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இதை இருவரையும் உட்காரவைத்து மருத்துவரே சொல்ல வேண்டும், நாங்கள் சொன்னால் எடுபடாது. அதன்பின் நடைமுறை எளிது: பெரிய தட்டை ஒழித்துவிட்டுச் சின்னக் கிண்ணம், நாளுக்கு ஐந்தாறு தடவை, சூடாக வேண்டாம் (சூட்டில் வாசனை கிளம்பிக் குமட்டும்), ஒருதரம் கேட்டு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். ஊட்டுகிற கைக்கு வேறு வேலை கொடுங்கள். காலுக்கு எண்ணெய் தடவட்டும். அவளுக்கு வேண்டியது அவரைத் தொட்டுக்கொண்டிருக்க ஒரு காரணம். நோயின் ஆரம்ப நிலையிலும், குணமாக்கும் நோக்கில் கீமோ நடக்கும்போதும் கதை வேறு. அங்கே ஊட்டச்சத்து நிபுணரின் அளவுகள் கட்டாயம். இந்த இரண்டையும் குழப்பி ஒரே துண்டுச்சீட்டை எல்லோருக்கும் கொடுப்பதுதான் நடக்கிறது.

இன்னொன்று, யாரும் வாயெடுத்துப் பேசாதது. கருப்பை வாய்க்குக் கதிர்வீச்சு முடிந்த பெண்ணின் கணவர் பாயைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்கிறார். அவளுக்கு வலிக்கும் என்றும், சில சமயம் நோய் ஒட்டிக்கொள்ளும் என்றும் அவர் பயப்படுகிறார். தன்னை அருவருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். இதைத் தீர்க்க நீண்ட சிகிச்சை எதுவும் வேண்டாம், பெண் ஆலோசகர் ஒருவர் பேச்சைத் தொடங்கினால் போதும்: “இந்த ட்ரீட்மென்ட் முடிஞ்ச பிறகு நிறைய பேருக்குப் புருஷன் பொண்டாட்டி விஷயத்துல சந்தேகம் வரும், உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?” உறவால் புற்றுநோய் ஒட்டாது என்று இருவரிடமும் சொல்ல வேண்டும். கீமோ ஏறிய பின் சில நாள்களுக்கு ஆணுறை வேண்டும், சிகிச்சைக் காலம் முழுக்கக் கருத்தரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சால் பெண்ணுறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். புண் ஆறியதை மருத்துவர் பார்த்து உறுதி செய்த பின், பொதுவாக 2 முதல் 4 வாரத்தில், விரிப்பானை (பாதை ஒட்டாமல் விரித்துவைக்கும் குழல் போன்ற கருவி) தண்ணீரில் கரையும் ஜெல்லோடு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 5 முதல் 10 நிமிடம் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும். பரிசோதனைக்குப் பாதை திறந்திருக்க வேண்டும் என்பதால் கணவர் இல்லாதவருக்கும் இது தேவை. விதவைதானே என்று விட்டுவிடுவது பெரிய தவறு. கல்யாணமாகாத இளைஞருக்குக் கீமோ தொடங்கும் முன்பே விந்து சேமிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது சுற்றில் சொல்லிப் பயனில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நம் மாநிலத்துக்கென்றே ஒரு வழக்கம் உண்டு: “பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்.” பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளையிடம் அம்மாவின் நோயை மார்ச் முடியும்வரை மறைப்பார்கள். பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தெரிந்துவிடும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அதுவும் நடிக்கக் கற்றுக்கொள்ளும். நோயின் பெயரைச் சொல்லுங்கள், அது அவர்களால் வரவில்லை என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவார் என்று சொல்லுங்கள். சின்னக் குழந்தையிடம் இறப்பைத் ‘தூங்குகிறார்’ என்றோ ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றோ சொல்ல வேண்டாம். தூங்கவே பயப்படும், அல்லது வாசலிலேயே காத்திருக்கும்.

உங்கள் அட்டெண்டர் பாஸ் ஓர் ஆளுக்குத்தான். கட்டிலுக்குக் கீழே பாயில் படுப்பவர் அவர். அவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. மன உளைச்சலை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் அளவுகோலை நோயாளிக்குக் கொடுக்கும்போதே அவருக்கும் கொடுங்கள். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கொள்ளுங்கள். ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவத்தில் கடைசிக் கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும், சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பக் கூடாது. ராத்திரி நேரத்துக்கு அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணைப் பாஸின் பின்பக்கமே அச்சிடலாம்.

இதற்கெல்லாம் முன்மாதிரி வெளியூரில் தேட வேண்டியதில்லை. எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதன்பின் இதே துறைதான் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் திறந்தது. கதவு உள்ள அறை, முழுநேர ஆலோசகர், பரிசோதனைக்கு முன் பேச்சு, பின் பேச்சு, துணைவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்குப் பயிற்சி என எல்லாம் அங்கே எழுதிவைத்த நடைமுறையாக இருந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல் சேர்ந்த மாணவர்களுக்கு நோயாளியோடு பேசும் முறை பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் பயிற்சி மருத்துவர்களாக வார்டுக்கு வந்து பார்க்கும்போது, வராந்தாவில் நின்றபடி சொல்வதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆள் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். புற்றுநோய்ப் பிரிவுக்கு ஒரு சமூகப் பணியாளரைப் போட்டால், ஒரு மாதத்தில் அவர் காப்பீட்டுப் படிவம் ஏற்றுகிறவராகிவிடுவார். அந்த வேலையும் தேவைதான், அதற்கு வேறு ஆள் போடுங்கள். அறை வாசலில் ‘கவுன்சிலிங்’ என்று எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு இன்ஜினியரிங் சீட் என்று அர்த்தம், இல்லையென்றால் விவாகரத்து. ‘வீட்டார் சந்திப்பு’ என்று எழுதினால் தயங்காமல் வருவார்கள். மாதம் இத்தனை பேர் என்று இலக்கும் வைக்காதீர்கள். வைத்தால் பதிவேட்டில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று வரிசையாக டிக் விழும், அறை பூட்டியே கிடக்கும். கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம் சேருங்கள்: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், வீட்டில் பராமரிப்பவர் யார், யாரிடம் சொல்லக் கூடாது என்கிறார், அவருடைய உளைச்சல் எண், பராமரிப்பவரின் எண். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புக்காக வீட்டுக்குப் போகும் செவிலியரின் கையில் அந்தப் பக்கத்தின் நகல் போகட்டும். இல்லையென்றால் இங்கே ஆறு மாதம் பேசிப் பக்குவப்படுத்தியதை அவர் வாசலிலேயே தெரியாமல் உடைத்துவிடுவார்.

கடைசியாக, இறந்த பின் ஆறாவது வாரத்தில் ஒரு போன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் எல்லாம் கிளம்பிப்போய், வீடு காலியாக இருக்கும் நேரம் அது. பேச வேண்டியது அதிகம் இல்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சிகிச்சையைப் பற்றி மனதில் ஏதாவது உறுத்துகிறதா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் எடுக்கும், “இன்னும் ஒரு கீமோ போட்டிருந்தா?” என்று தொடங்குவார்கள். இந்த போனில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிகிச்சை அட்டையில் இருக்கும் எண் பெரும்பாலும் இறந்தவருடையது. மணி அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது அவருடைய போனை வைத்து விளையாடும் பேரன் எடுப்பான். முதல் சந்திப்பிலேயே இரண்டாவது எண் ஒன்றை, பராமரிக்கிறவருடையதை, வாங்கி அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் வார்டுகளில் பணியாற்றும் குடும்ப ஆலோசகர்கள், மருத்துவச் சமூகப் பணியாளர்கள்